நெல்லை, தென்காசி ஊர்ப்புறத்தில் பல் வைத்தியம்: காப்பீட்டு அட்டையில் சேர்ப்பதா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ப்பதா?

#1 பொருநைக்கரை

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பாப்பாக்குடி, கடையம், ஆலங்குளம் ஒன்றியங்களில் சில ஊராட்சிகள் ஒரே வாசகமாக வைக்கலாம் என்று பேச்சு. இப்போது கையில் இருப்பது ஒரு வரிதான்: "முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பல் சிகிச்சை முழுவதையும் சேர்க்க வேண்டும்."

கேட்க வேண்டியது இதுதானா? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சொந்த அனுபவக் கதை வேண்டாம். என்ன பொருள், எத்தனை, எங்கே தடைபடும், ஏன் தடைபடும், அதுதான் தேவை.

#2 காப்பீட்டு மேசை

அண்ணாச்சி, இந்த வரியை அப்படியே வைத்தால் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு பதில் வரும், அதோடு முடிந்தது. அட்டை இப்போது என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. அடிப்படையில் இது படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கான திட்டம். தாடை முறிந்தால் தகடு வைக்கலாம், தாடை மூட்டு இறுகி வாய் திறக்காவிட்டால் அறுவை செய்யலாம், வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை பெறலாம். சொத்தை அடைப்பும் வேர் சிகிச்சையும் (ரூட் கேனால்) ஆயுஷ்மான் விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லியே நீக்கப்பட்டவை. நோயாலோ காயத்தாலோ வந்து, படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலை என்றால் மட்டும் விதிவிலக்கு.

இதனால் என்ன நடக்கிறது? கீழ்க்கடைவாய்ப் பல்லில் சொத்தை. அடைக்க அட்டை செல்லாது. வலிக்கு மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுகிறார்கள். வேர் நுனியில் சீழ் கட்டி, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் இறங்கி, நாக்கு மேலே தூக்கி, மூச்சு அடைக்கும் நிலை வரும். அதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். இப்போது ஹைகிரவுண்டில் (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) தீவிர சிகிச்சைப் பிரிவு, கழுத்தைக் கீறிச் சீழ் எடுப்பது, தேவைப்பட்டால் தொண்டையில் துளை. இதற்கு அட்டை செல்லும். அரை மணி நேர வேலைக்கு இல்லாத பணம், உயிர் போகும் நிலைக்கு வந்தபின் கிடைக்கிறது. திருத்த வேண்டிய இடம் இதுதான், ஆனால் திருத்தம் அட்டையில் இல்லை என்பது என் கருத்து. காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன் அனுமதி, ஆதாரப் படம், பின் ஆவணம், சரிபார்ப்பு எல்லாம் உண்டு. ஒரு இதய அறுவைக்கு அந்தச் சுமை தாங்கும். ஒரு அடைப்புக்குத் தாங்காது.

#3 தென்காசிச்சாரல்

மறுக்கிறேன். சங்கரன்கோவில், கடையநல்லூர், அம்பாசமுத்திரம், எந்தப் பேருந்து நிலையத்தை எடுத்தாலும் நாலு பல் மருத்துவமனைப் பலகை தெரியும். நாட்டில் 300க்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரிகள். படித்து வந்த பிள்ளைகள் நோயாளி இல்லாமல் காத்திருக்கிறார்கள். நாற்காலி, எக்ஸ்ரே, கருவி எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அரசு புதிதாக நாற்காலி வாங்கி, அது பழுதாகி, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடப்பதைவிட, அட்டை வழியாக அவர்களுக்குப் பணம் கொடுத்தால் நாளைக்கே வேலை நடக்கும். கனடாவில் அதைத்தான் செய்தார்கள். 2023 டிசம்பரில் பதிவு தொடங்கி, 2024 மே மாதம் முதல் தனியார் பல் மருத்துவர்கள் பார்க்க, மத்திய அரசு பணம் கொடுக்கிறது. குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழ் இருந்து, தனிப் பல் காப்பீடு இல்லாதவர்களுக்கு.

#4 பொதுச்சுகாதாரம்_பாளை

சாரல், கனடா எடுத்துக்காட்டு சரிதான். ஆனால் பணத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. பிரிட்டன் படிப்பினையைப் பாருங்கள்.

1948இல் அங்கே தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது பல்லும் இலவசம். பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் மக்கள் திரண்டு வந்தார்கள், செலவு கணக்கை மீறியது. 1951இல் அந்த இரண்டுக்கும் கட்டணம் வந்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்துத்தான் பதவி விலகினார். அன்று உள்ளே வந்த கட்டணம் இன்றுவரை வெளியே போகவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் 2006ஆம் ஆண்டு இங்கிலாந்து ஒப்பந்தம். வேலையை அலகுகளாகப் பிரித்தார்கள். பரிசோதனைக்கு 1 அலகு, அடைப்பு, பிடுங்கல், வேர் சிகிச்சைக்கு 3, பல்செட் போன்றவற்றுக்கு 12. ஒரு பல்லை அடைத்தாலும் 3, அதே வாயில் ஆறு பல்லை அடைத்தாலும் 3. அப்படியானால் வாய் நிறையச் சொத்தையோடு வருகிறவரை எந்த மருத்துவர் விரும்பி எடுப்பார்? யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு வாசல் மூடியது. 2022இல்தான் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பல்லுக்கு 5 அலகு, கடைவாய்ப் பல் வேர் சிகிச்சைக்கு 7 என்று மாற்றினார்கள்.

மறுபக்கம், ஒவ்வொரு பல்லுக்கும் தனி விலை வைத்தால் அடைப்போடு முடிய வேண்டிய பல்லுக்கு வேர் சிகிச்சை எழுதப்படும். விலைப்பட்டியல் போடுகிறவர் இரண்டு பள்ளத்துக்கும் நடுவே நடக்க வேண்டும்.

தாய்லாந்து வேறு வழியில் போனது. 2002இல் எல்லாருக்குமான திட்டம் வந்தபோதே பிடுங்கல், அடைப்பு, காரை எடுத்தல், அக்ரிலிக் பல்செட் எல்லாம் உள்ளே. பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களால். பிரேசிலும் குடும்ப நலக் குழுவோடு பல் குழுவைச் சேர்த்தே அனுப்புகிறது. நமக்கும் ஒரு விதை உண்டு. 2014-15இல் வந்த தேசிய வாய்நலத் திட்டம் நாற்காலி, பொருள், ஒப்பந்த ஆள் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்க வழி செய்கிறது. கேட்பது புதிய திட்டம் அல்ல, இருக்கிற தலைப்பின் கீழ் நம் ஊர் நிலையத்துக்கு ஒதுக்கீடு. மனுவில் அந்தப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

#5 கம்ப்ரசர்காரர்

நாற்காலி வாங்கினாப் போதும்னு நினைக்காதீங்க. அது ஏன் நிக்குதுன்னு சொல்லுதேன்.

முதல் காரணம் தண்ணி. ஆத்துத் தண்ணி வருத ஊர்ல பிரச்சினை கம்மி. போர் தண்ணியை நேரா நாற்காலிக்குக் கொடுத்தா, துளையிடுற கருவியோட தலையில இருக்கிற சின்ன ஓட்டை சுண்ணாம்பு அடைச்சிரும். தண்ணி வராமச் சுத்தினா பல்லு சூடேறி உள்ள இருக்கிற நரம்பு சாகும். சொத்தையை அடைக்க வந்தவருக்கு வேர் சிகிச்சை தேவைப்படும். இதுக்குத் தீர்வு ரொம்பச் சின்னது. குழாய் இணைப்பை மூடிட்டு, நாற்காலியோட தனி பாட்டில்ல காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்தணும்.

ரெண்டாவது காத்து. கம்ப்ரசர் ஆயில் இல்லாத வகையா இருக்கணும். டேங்க்குக்கு அடியில தேங்குற தண்ணியை தினம் சாயந்தரம் திறந்து விடணும். விடலேன்னா அந்த ஈரம் கருவிக்குள்ள போயி பேரிங்கைத் தின்னுரும். கருவி நிமிஷத்துக்கு 3 லட்சம் சுத்துக்கு மேல ஓடுறது. ஒவ்வொரு தடவையும் நீராவியில கிருமி கொல்லுற ஆட்டோகிளேவ்ல வைக்கிறதுக்கு முன்னால எண்ணெய் அடிக்கணும். அதை விட்டா சில வாரத்துலயே சத்தம் போட ஆரம்பிக்கும்.

மூணாவது கரண்டு. தோட்டத்து மோட்டார் எல்லாம் ஓடுற நேரத்துல வோல்டேஜ் இறங்கும். 1 எச்.பி. மோட்டார் கிளம்ப முடியாம முனகி காயில் எரியும். ஸ்டெபிலைசர் குறைஞ்சது 3 கே.வி.ஏ. வேணும்.

கடைசியா ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். காகிதத்துல இருக்கும், ஆனா தேயுற சாமான் அதுல பெரும்பாலும் வராது. டர்பைன் கார்ட்ரிட்ஜ் (கருவித் தலைக்குள்ள சுத்துற பாகம்), எச்சில் உறிஞ்சுற சக்ஷன் குழாய், விளக்கு, இதெல்லாம்தான் தேயும். ஒப்பந்தத்துல இந்த மூணு பேரையும் எழுதிச் சேக்கணும்னு கேளுங்க. எக்ஸ்ரே வைக்கிறதா இருந்தா அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துல பதிவு வேணும். அது இல்லாம வந்து இறங்குன மெஷின் பெட்டியிலயே கெடக்கும்.

#6 நெல்லைப் பல் மருத்துவர்

கம்ப்ரசர்காரர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. மருத்துவப் பக்கத்துக் கணக்கை நான் தருகிறேன்.

ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர், காலை நாலு மணி நேர வெளிநோயாளர் பிரிவு. ஒழுங்காகப் பார்த்தால் 20 பேர். ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். சூடேறவும் உலரவும் ஆறவும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி. கண்ணாடி, குத்தூசி, இடுக்கி கொண்ட பரிசோதனைத் தொகுப்பு நாலைந்துதான் இருந்தால் பத்து மணிக்கே கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது சுத்திகரிப்பில் அவசரப்பட வேண்டும். பின்னதுதான் ஆபத்து. குறைந்தது 10 தொகுப்பு, பிடுங்கும் இடுக்கியில் முழு வரிசை இரண்டு. மேல் கடைவாய்ப் பல்லுக்கு வலது, இடது வேறு வேறு இடுக்கி என்பதால் "ஒன்று" என்று எழுதி அனுப்பினால் பாதி வேலைதான் நடக்கும்.

மரப்பு மருந்து: அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகைன், 30 மி.லி. குப்பி. கீழ்த்தாடைக்கு ஒருவருக்குச் சுமார் 2 மி.லி., மேலே 1 முதல் 1.5. ஒரு குப்பி 15 முதல் 20 பேருக்கு வரும். ஒவ்வொருவருக்கும் புது ஊசி, புது சிரிஞ்சு. ஊசி போட்ட சிரிஞ்சை மறுபடி குப்பிக்குள் விடக் கூடாது.

அடைப்புக்கு கிளாஸ் அயனோமர் சிமெண்ட். 15 கிராம் பொடி டப்பா காகிதத்தில் 35 பல் என்பார்கள், நடைமுறையில் 25 முதல் 30. பல பொருள்கள் மருத்துவப் பணிகள் கழகத்தின் பட்டியலில் இருந்தால்தான் பாஸ்புக் (நிலையத்தின் ஒதுக்கீட்டுக் கணக்குப் புத்தகம்) மூலம் எடுக்க முடியும். பட்டியலில் இல்லாதது உள்ளூர்க் கொள்முதல், அதற்கு வரம்பு உண்டு. சிமெண்ட் தீர்ந்த மாதத்தில் அடைக்க வேண்டிய பல்லையும் பிடுங்கித்தான் அனுப்புவார்கள். "அரசு ஆஸ்பத்திரின்னா பல்லைப் பிடுங்கத்தான்" என்ற பேச்சு இந்தக் காலியான டப்பாவில் பிறந்தது.

கிளாஸ் அயனோமர், சொத்தையை நிறுத்தத் தடவும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு, ஃபுளோரைடு பற்பசை மூன்றையும் 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கொள்முதல் பட்டியலில் சேர்க்கக் கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

#7 முக்கூடல் பீடிச்சங்கம்

நேரத்தைப் பத்தி யாரும் பேசலையே. பீடி சுத்துற பொம்பளைகளுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவுன்னுதான் கூலி. காலையில ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குக் கணக்குல ஓட்டை. டவுன் பஸ் இலவசம், வைத்தியம் இலவசம், ஆனா போன நாள் இலவசம் இல்ல. வாரத்துல ரெண்டு நாளாவது சாயந்தரம் 3லிருந்து 6 வரை பல் பிரிவு திறக்கணும். இதையும் தீர்மானத்துல போடுங்க.

அடுத்தது, வெத்தலையோட புகையிலை அடக்குற பழக்கம் எங்க பக்கம் ரொம்ப உண்டு. பல்லைப் பாக்குற டாக்டர் கன்னத்து உள்பக்கத்தையும் பாப்பாரா?

#8 நெல்லைப் பல் மருத்துவர்

அக்கா, அதுதான் முதல் வேலை. மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை இது. வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு கன்னம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடி, உதட்டு உள்பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், சொந்தக் கையின் மூன்று விரலை நிறுத்தி நுழைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைவு. இதில் ஒன்று இருந்தாலும் வாய்ப்புற்றா என்று பார்க்கத் தாமதிக்காமல் ஹைகிரவுண்டுக்கு அனுப்ப வேண்டும்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஈறு நோய் வேகமாகப் போகும், ஈறு சீழ் சர்க்கரையை ஏற்றும். ஆழமாகக் காரை எடுத்துச் சுத்தம் செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு கொடுக்கும் அரசு, ஈற்றையும் அதே கணக்கில் சேர்ப்பது நியாயம்தானே.

#9 தென்காசிச்சாரல்

பிரிட்டன் அலகுக் கணக்கு என் வாதத்தைப் பாதி உடைத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியில் நிற்கிறேன். வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று வருகை, எக்ஸ்ரே, நிறைய நேரம். நாளுக்கு 20 பேர் பார்க்கும் இடத்தில் அது நடக்காது. தென்மாவட்டத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. சென்னை, கடலூர், புதுக்கோட்டை மூன்றுதான். புதுக்கோட்டைக்கே மதுரை தாண்டிப் போக வேண்டும். அங்கே போய் மூன்று முறை வருவார்களா? வேர் சிகிச்சைக்கும் பல்செட்டுக்கும் மட்டுமாவது அட்டை தேவை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சீட்டு எழுதினால்தான் தனியாருக்குப் போகலாம், முன்பும் பின்பும் எக்ஸ்ரே படம் கட்டாயம் என்று வைத்தால் தேவையில்லாத வேலை குறையும்.

#10 காப்பீட்டு மேசை

இது நடைமுறைக்கு ஒத்து வரும். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் செலவு கூடிய வேலை, ஆதாரம் படத்தில் தெரியும். அட்டைக்கு ஏற்ற வடிவம் இதற்குத்தான் உண்டு.

#11 பல்செட் பட்டறை

பல்செட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் மந்தஹாசம் திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசப் பல்செட். கர்நாடகத்தில் தந்த பாக்கியம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு எவ்வளவு தூரம்? அங்கே முடிந்தது இங்கே முடியும்.

முழு பல்செட்டுக்கு ஐந்து வருகை: முதல் அச்சு, விளிம்பு வார்த்து இறுதி அச்சு, மெழுகு விளிம்பில் கடி அளவு, மெழுகில் பல் அடுக்கிப் பார்ப்பது, கடைசியில் பொருத்துவது. பல் பிடுங்கியபின் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் எலும்பு வற்றி செட் ஆடும்.

நாலாவது வருகைக்கும் ஐந்தாவதுக்கும் இடையில்தான் பட்டறை வேலை. அக்ரிலிக் மாவைக் குடுவையில் அழுத்தி 74 டிகிரி தண்ணீரில் இரண்டு மணி நேரம், பிறகு கொதிநிலையில் ஒரு மணி நேரம். நேரே கொதிக்க வைத்தால் உள்ளே குமிழி விழும், கருவாட்டு எலும்பைக் கடித்தாலே உடையும்.

ஒன்றியத்துக்கு ஒரு பட்டறை தேவையில்லை. ஹைகிரவுண்டில் ஒன்று, தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒன்று, இரண்டிலும் பதிவு பெற்ற டெக்னீஷியன் இருவர் போதும். ஆனால் வாயில் எடுத்த ஆல்ஜினேட் (ஈரப் பசை) அச்சை அப்படியே பஸ்ஸில் அனுப்பக் கூடாது. கால் மணிக்குள் சுருங்கத் தொடங்கும். அச்சு எடுத்த இடத்திலேயே கல்மாவு (ஜிப்சம் மாவு) ஊற்றி, இறுகிய வார்ப்பைத்தான் அனுப்ப வேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டுத்தான் பல செட்டுகள் பொருந்தாமல் பரணில் கிடக்கின்றன.

சந்தையில் ஒரே நாளில் பல் கட்டிக் கொடுப்பவர்களிடம் போகாதீர்கள். கழற்ற முடியாதபடி பக்கத்துப் பல்லோடு கம்பி கட்டி மாவு பூசுவார்கள். அடியில் சோறு தங்கி, இருந்த நல்ல பல்லும் ஆடிப்போகும்.

#12 பொதுச்சுகாதாரம்_பாளை

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாற்காலியே தேவையில்லை. கையால் சுரண்டி அடைக்கும் முறை, ஏ.ஆர்.டி. என்பார்கள், 1980களில் தான்சானியாவில் உருவானது. மேசைமேல் படுக்க வைத்து, பஞ்சு வைத்து எச்சிலைத் தடுத்து, கரண்டிக் கருவியால் மெத்தென்ற சொத்தையைச் சுரண்டி, பாலி அக்ரிலிக் அமிலம் 10 முதல் 15 விநாடி தடவிக் கழுவி, சிமெண்டை வைத்து, வாஸ்லின் தடவிய விரலால் அழுத்த வேண்டும். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தோற்கும் இடம் இரண்டு: எச்சில் பட்டால் ஒட்டாது, நம் சித்திரை வெயிலில் கலவை கைக்குள்ளேயே இறுகிவிடும். கண்ணாடிப் பலகையைக் குளிர வைத்து நன்றாகத் துடைத்துவிட்டுக் கலக்க வேண்டும். இரண்டு பல்லுக்கு இடையில் உள்ள சொத்தைக்கு இந்த முறையில் ஆயுள் குறைவு, அதை நிலையத்துக்கு அனுப்புவதே நல்லது.

பால் பல்லுக்கு 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடு ஒரு நிமிடம் தடவினால் சொத்தை பெரும்பாலும் நின்றுவிடும். ஆறு மாதத்தில் மறுபடி. சொத்தை இருந்த இடம் கறுக்கும். இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கவில்லை என்றால் மறுநாள் பள்ளி வாசலில் சண்டைதான்.

கடையம், ஓட்டப்பிடாரம் ஒன்றியங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல் என்று ஆய்வுகள் உண்டு. குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மி.கி., வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. ஃபுளோரைடு கூடிப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிற பிள்ளைக்குச் சொத்தை வராது என்று நினைக்க வேண்டாம், வரும். அங்கே தீர்வு தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர். செங்கல் தூள், கரித்தூள் போட்டுத் தேய்த்தால் கறை போகாது, எனாமல்தான் போகும். அப்புறம், கருப்பட்டி நல்லதுதான் என்றாலும் பல்லுக்கு அதுவும் சர்க்கரையே.

#13 பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. மாற்றிய வாசகம் இது:

"தேசிய வாய்நலத் திட்டத்தின் கீழ் எங்கள் ஒன்றியத்தின் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர், உதவியாளர், நாற்காலி, ஆட்டோகிளேவ், பதிவு பெற்ற எக்ஸ்ரே; வாரம் இரு நாள் மாலை நேரப் பிரிவு; கிளாஸ் அயனோமர், சில்வர் டையமைன் ஃபுளோரைடு இரண்டும் கொள்முதல் பட்டியலில்; தேயும் உதிரிபாகத்தையும் சேர்த்த பராமரிப்பு ஒப்பந்தம்; மாவட்டத்துக்கு ஒரு பல்செட் பட்டறை; நிலைய மருத்துவரின் பரிந்துரைச் சீட்டோடு வேர் சிகிச்சைக்கும் பல்செட்டுக்கும் காப்பீட்டு அட்டை; வீடு தேடி வரும் தன்னார்வலருக்கு வாய்ப் பரிசோதனைப் பயிற்சி."

#14 காப்பீட்டு மேசை

நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. ஒரே வாக்கியமாக வைக்காமல் ஏழு கோரிக்கையாக எண் போட்டுப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்துக்குப் போவது. சேர்ந்திருந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். தீர்மான நகலை நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்துக்கும் கொடுங்கள். பாட்டில் தண்ணீர், ஸ்டெபிலைசர் போன்ற சின்னச் செலவு அவர்கள் நிதியிலேயே முடியும்.

#15 கம்ப்ரசர்காரர்

பராமரிப்புல ஒரு வரி சேருங்க. "பழுது எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 7 நாளைக்குள் சரிசெய்ய வேண்டும், பழுதுப் பதிவேடு நிலையத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும்." நாள் கணக்கு எழுதலேன்னா ஒப்பந்தக்காரர் வரமாட்டார்.

#16 முக்கூடல் பீடிச்சங்கம்

சாயந்தர நேரம் 3 முதல் 6னு மணி போட்டு எழுதுங்க அண்ணாச்சி. "மாலை"ன்னு மட்டும் போட்டா 4 மணிக்குப் பூட்டிருவாங்க.

#17 பொருநைக்கரை

இரண்டும் சேர்த்தாச்சு.